சூரை முள்ளுக்குள்ள ஒரு செடி

உங்க நம்பர் என்னம்மா? எண்பத்தி நாலா? அப்ப எனக்குப் பின்னாடிதான். எனக்கு எழுபத்தொம்பது. இப்பத்தான் அம்பதைத் தாண்டியிருக்காங்க, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க. அங்கன வேணாம், அந்தப் பெஞ்சு ஆடுது, இங்கிட்டு வாங்க. பையைக் கீழ வைக்காதீங்க. இந்த ஆபீசுத் தரையைப் பாத்தீங்களா? எங்க வார்டு மட்டும் இப்படி இருந்திருந்தா, அன்னைக்கு ஒருத்தியையும் நிம்மதியா டீ குடிக்க விட்டிருக்க மாட்டேன்.

பட்டா விஷயமா வந்திருக்கீங்களா? சரிதான், இங்க பாதிப் பேரு அதுக்குத்தான். நான் எதுக்கு வந்திருக்கேன்னு சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. இந்த இடத்துல இருந்த ஆளு சிரிச்சுட்டுத்தான் எந்திரிச்சுப் போனாரு. நான் ஒரு செடிக்காக வந்திருக்கேன். ஆமா, செடிதான். ஒரு சாண் உசரம். அதைக் கொன்னுட்டாங்கம்மா. 'கொலை'ன்னே எழுதச் சொன்னேன், வாசல்ல மனு எழுதுறவரு கேக்கல, 'சேதம்'னு போட்டிருக்காரு.

என் பேரு திலகவதி. ஸ்டாஃப் நர்ஸு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷமாச்சு. அந்த முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஆளு என்னைத் திலகவதின்னு கூப்பிட்டதில்ல. சிஸ்டர், சிஸ்டர், சிஸ்டர். டாக்டருக்கும் சிஸ்டர், நோயாளிக்கும் சிஸ்டர், கூட்டிப் பெருக்குற அம்மாவுக்கும் சிஸ்டர். வீட்டுக்காரரு 'இந்தா'ம்பாரு. அம்புட்டுத்தான்.

வீட்டுல சும்மா உக்கார முடியல, ஒரு கேமரா வாங்குனேன். கல்யாண வீட்டுக் கேமரா இல்ல, எறும்போட மீசையைக்கூட எடுக்கலாம், அப்படி ஒரு லென்சு. செடி கொடியைப் படம் எடுக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்பு ஒண்ணு இருக்கு, அதுல சேந்துக்கிட்டேன். கரட்டுக் குன்று, கம்மாக்கரை, ஓடை, ஒண்ணு விடல. குரூப்புல என் படம்னா தனி மரியாதை. ஏன் தெரியுமா? சுத்தம். மத்தவங்க படத்துல பின்னாடி புல்லு தெரியும், சருகு கெடக்கும், இலையில புழுதி அப்பியிருக்கும். என் படத்துல ஒரு தூசி பாக்க முடியாது. போறப்பவே கத்தரி, இடுக்கி, பஞ்சு, தண்ணி எல்லாம் ஒரு டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போவேன். முதல்ல சுத்திலும் உள்ள புல்லை வெட்டிருவேன். அப்புறம் ஈரப் பஞ்சால ஒவ்வொரு இலையாத் துடைப்பேன். எறும்பு இருந்தா இடுக்கியால எடுத்து அங்கிட்டு விட்டுருவேன், கொல்ல மாட்டேன். புண்ணைக் கழுவாம கட்டுப் போடுவாங்களா? அது மாதிரிதான். பழகின கை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சித்திரைக் கடைசியில இடியும் மின்னலுமா ஒரு மழை பெஞ்சுச்சுல்ல? அதுக்கு எட்டாம் நாளு நத்தம் ரோட்டுல வெள்ளக்கரட்டுக்குப் போனேன். பாதி ஏத்தத்துல ஒரு சூரைப் புதரு. சூரை முள்ளு தெரியும்ல, சேலையைப் பிடிச்சா விடாது. அதுக்கு அடியில, நெழலுக்குள்ள, அந்தச் செடி. நகக்கண் அளவுக்குப் பூ. கருஞ்செகப்பு. அஞ்சு இதழு, அஞ்சும் நுனியில ஒண்ணா ஒட்டிக்கிட்டு, சின்னக் கூண்டு மாதிரி. ஒரு நாத்தம் வேற, செத்த எலி நாத்தம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நான் பாக்காத நாத்தமா?

குரூப்புல போட்டேன். ஒருத்தருக்கும் என்ன செடின்னு தெரியல. அதுல பெனடிக்ட் சார்னு ஒருத்தரு, காலேஜுல தாவரவியல் புரொபசரு, எந்தச் செடியைக் காட்டுனாலும் டக்குனு பேரு சொல்லிருவாரு. அவரே போன் பண்ணுனாரு. "மேடம், நான் இதைப் பாத்ததே இல்ல. எருக்கங்குடும்பம்னு மட்டும் தெரியுது. இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணாத செடியாக்கூட இருக்கலாம். ஆனா பூவை மட்டும் வச்சு சொல்ல முடியாது. காய் வேணும், விதை வேணும். காய் முத்துறப்ப சொல்லுங்க, நானே வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க"ன்னாரு. புதுசுன்னா யாரு சார் பேரு வைப்பாங்கன்னு கேட்டேன். "நாங்கதான் வைப்போம். கண்டுபிடிச்சவங்க பேரையே வைக்கிறதும் உண்டு. உங்க பேரு என்ன மேடம்?"னாரு.

கேட்டீங்களா? உங்க பேரு என்னன்னு கேட்டாரு! திலகவதி சார்னேன். "நல்ல பேரா இருக்கே, வச்சுரலாம்"னாரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலம்மா. நான் செத்த பின்னாடியும் எங்கிட்டோ ஒரு புஸ்தகத்துல என் பேரு இருக்கும். சிஸ்டர்னு இல்ல. திலகவதின்னு.

ஒம்பது பூ இருந்துச்சு. தினம் காலையில ஆறே முக்கா பஸ்ஸு. போனதும் இலையைத் துடைப்பேன், படம் எடுப்பேன். தொடாதீங்கன்னா பிடுங்காதீங்கன்னுதான அர்த்தம்? துடைக்கிறதுமா தொடுறதுல சேரும்? அந்த நாத்தத்துக்குப் பொடி ஈயா வந்து மொய்க்கும், கூண்டுக்குள்ள போயி உக்காந்துக்கும். ஒரு படத்தை ஒழுங்கா எடுக்க விடாது. ஊதி ஊதி விரட்டுவேன். உள்ள போனதை இடுக்கி நுனியால நைசா வெளிய எடுப்பேன். வேப்பங்கொத்தை ஒடிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வீசிக்கிட்டே உக்காந்திருப்பேன். ஐசியூ பேஷண்டைக்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டேன். என்ன பாத்து என்ன? எட்டுப் பூ உதிந்து போச்சு. ஒரு காய் இல்ல.

சாருக்குப் போன் போட்டு அழுதேன். "ஈ வருதா மேடம்?"னு கேட்டாரு. ஒரு ஈயை அண்ட விடல சாருன்னேன், பெருமையாத்தான். மெதுவா, "ஈ வந்தாத்தான் மேடம் காய் பிடிக்கும்"னாரு. இதை முதல் நாளே சொல்ல வேணாமா? படிச்ச மனுசன். எனக்கு என்ன தெரியும்?

ஒம்பதாவது பூ முள்ளுக்கு உள்ள தள்ளி இருந்துச்சு. என் கை எட்டல. என்ன அதிசயமோ, அது மட்டும் காய்ச்சிருச்சும்மா! ரெண்டு காய், ஜோடியா, குச்சி மாதிரி மேல நீட்டிக்கிட்டு. சாரு போன்லயே துள்ளுனாரு. "வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும் மேடம். வெடிச்சா விதை பஞ்சோட பறந்துரும், அப்புறம் ஒண்ணும் கெடைக்காது. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை வந்துர்றேன்"னாரு.

அந்த ஒம்பது பத்து நாளு எப்படிப் போச்சுங்கிறீங்க? வெயிலு ஏறுனா வெடிச்சிருமோன்னு அடிச்சுக்கும். காத்து அடிச்சா ஒடிஞ்சிருமோன்னு அடிச்சுக்கும். வீட்டுல இருந்தா அங்க என்ன ஆச்சோன்னு இருக்கும், அங்க போனா கண்ணு முன்னாடியே ஆயிருமோன்னு இருக்கும். பிரஷர் மாத்திரையை ரெண்டு நாளு மறந்துட்டேன், நானே நர்ஸு.

ஆனா படம் சரியா விழல. முள்ளோட நெழலு காய் மேல கோடு கோடா விழுகுது. சாரு வர்றதுக்கு முன்னாடி குரூப்புல ஒரு நல்ல படம் போட வேணாமா? புதங்கெழமை உக்காந்து அந்தச் சூரைக் கொப்பை எல்லாம் வெட்டி ஒதுக்கினேன். கையெல்லாம் கிழிஞ்சு போச்சு, இந்தா பாருங்க, இன்னும் ஆறல. ஆனா வெட்டுனதும் வெளிச்சம் வந்து விழுந்துச்சு பாருங்க! நான் எடுத்ததுலயே அதுதான் படம். குரூப்புல நூத்திச் சில்லறை பேரு கை தட்டுனாங்க. பெனடிக்ட் சாரு மட்டும் ஒண்ணும் போடல. வேலையா இருந்திருப்பாரு.

வியாழக்கெழமை நாத்தனா மகளுக்கு வளைகாப்பு, போக முடியல. வெள்ளிக்கெழமை காலையில போறேன், செடி இல்ல. வெறும் குச்சி. கடிச்ச எடத்துல பாலு இன்னும் காயல. சுத்திலும் ஆட்டுப் புழுக்கை. அப்படியே உக்காந்துட்டேன். அங்கிட்டு வேப்ப மரத்தடியில அடைக்கி உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கா.

அடைக்கின்னா அந்தக் கரட்டுல ஆடு மேய்க்கிறவ. இருபத்தஞ்சு ஆடு இருக்கும். என்னை நல்லாத் தெரியும்பா, அவ மகளுக்கு நான்தான் பிரசவம் பாத்தேனாம். எனக்கு ஞாபகம் இல்ல, எத்தனையைப் பாத்தேன்.

"உன் ஆடு என்ன பண்ணிருக்கு பாருடி!"ன்னு கத்துனேன். டி போட்டிருக்கக் கூடாது, ஆத்திரத்துல போட்டுட்டேன். எந்திரிச்சு வந்து குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு என்ன சொல்றாங்கிறீங்க? "நர்சம்மா, வாக்கப்பட்டு வந்த நாளையில இருந்து இந்தக் கரட்டுலதான் மேய்க்கிறேன். முள்ளுக்குள்ள கெடந்தமட்டும் எந்த ஆடு இதுல வாய் வச்சுச்சு? இந்த முள்ளை வெட்டுனவுகளைப் போயிக் கேளுங்க"ங்கிறா.

கொழுப்பைப் பாருங்க! நான்தான் வெட்டுனேன், படத்துக்குன்னேன். "அப்படியா"ன்னா. அம்புட்டுத்தான். அப்படியாங்கிறா!

சரி, உசுரு இருக்கான்னு பாக்கணும்ல? அடியில கெழங்கு இருக்கும்னு சாரு சொல்லியிருந்தாரு. "வேணாம் நர்சம்மா, விட்டுருங்க, அடுத்த மழைக்குத் தன்னால வந்துரும்"னு அடைக்கி சொன்னா. நாடி பாக்காம எப்படிம்மா விடுறது? கத்தரி முனையால தோண்டுனேன். ரெண்டா ஒடஞ்சு கையோட வந்துருச்சு. ஆடு இழுத்த இழுப்புலயே அது முன்னாடி ஒடஞ்சிருக்கும். இருக்கும்ல?

நான் அழுத அழுகையைப் பாத்து அவளுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு போல. "ஏன் நர்சம்மா, பிள்ளையப் பறிகொடுத்த மாதிரி அழுவுறீக? எந்திரிங்க, வாங்க"ன்னு கரட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போனா. அங்க ஒரு பெரிய சூரைப் புதரு, ஆளு நுழைய முடியாது. கம்பால ஒரு கொப்பைத் தூக்கிக் காட்டுறா. உள்ள மூணு செடி. அதே செடி! மொட்டு விட்டுருக்கு! இதுக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்கன்னு கேட்டேன். "பேரென்ன பேரு, செடிதான்"னா.

எனக்கு உசுரு வந்துச்சு. உடனே கேமராவை எடுத்தேன். இருட்டா இருந்துச்சு, கத்தரியையும் எடுத்தேன். லபக்குனு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. ஆடு பிடிச்ச கை, இரும்பு மாதிரி இருக்கு. "கை வைக்காதீங்க நர்சம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதுல கை வைக்காதீங்க"ங்கிறா. என்னைப் பிடிக்க அவ யாரு? மனுவுல எழுதியிருக்கேன், 'பணி ஓய்வு பெற்ற செவிலியரின் கையைப் பிடித்துத் தடுத்தார்'னு. அவ பேரை மட்டும் போடல, 'ஒரு பெண்'னு போட்டிருக்கேன்.

கோரிக்கை ரெண்டே ரெண்டுதான். வெள்ளக்கரட்டுல ஆடு மேய்க்கத் தடை போடணும். மிச்சம் இருக்கிற மூணு செடியைச் சுத்தி முள்ளுக்கம்பி வேலி போடணும். இந்த ஆட்டை விட்டா அவளுக்கு வேற பொழப்பு இல்லைதான். அதுக்கு நான் என்ன செய்ய? வேற கரட்டைப் பாத்துக்கட்டும்.

இந்தா, ஆதாரம். படத்தையெல்லாம் வாசல் கடையில பிரிண்டு போட்டுத் தேதி வாரியாப் பின் அடிச்சிருக்கேன். பாருங்க, உங்க கை சுத்தமா இருக்குல்ல? முதல் நாளு. ரெண்டாம் நாளு. பூ. இது காய். இது அந்தப் புதங்கெழமை படம். இது வெள்ளிக்கெழமை.

ஏம்மா அப்படிப் பாக்குறீங்க?

முதல் படத்துல இருக்கிற முள்ளு இந்தப் படத்துல எங்கங்கிறீங்களா? அதான் சொன்னேனே, நான்தான்... படத்துக்காக...

நீங்களும் அவரு மாதிரியே வரிசையாப் பாக்குறீங்க. இன்னைக்குக் காலையில பெனடிக்ட் சாரு போன் பண்ணுனாரு. செடி போச்சு, வர வேணாம்னும், ஆட்டுக்காரி காட்டுன மூணு செடியைப் பத்தியும் அன்னைக்கே சொல்லிட்டேன். எல்லாப் படத்தையும் வரிசையா அனுப்பச் சொல்லியிருந்தாரு, அனுப்பியிருந்தேன். "வரிசையாப் பாத்தேன் மேடம்"னாரு. "அந்த மூணு செடி பக்கம் நீங்க போகாதீங்க, தயவுசெஞ்சு போகாதீங்க. காய் முத்துற வரைக்கும் அந்த ஆடு மேய்க்கிற அம்மாவே பாத்துக்கட்டும். நான் அவங்ககிட்டப் பேசிக்கிறேன்"னாரு. எதுக்கோ பயப்படுறாரு, திருட்டுப் பயமா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் கேட்டாரும்மா. "அவங்க பேரு என்ன மேடம்?"

பேரைக் கேட்டாரு. அவ பேரை.

தெரியாது சார்னுட்டேன். போனை வச்சதும் பஸ் ஏறி நேரா இங்க வந்து மனு எழுதக் குடுத்துட்டேன். ஆடு அந்தக் கரட்டுல இல்லைன்னா அவளும் இல்லைல்ல? இல்ல, நான் அப்படி நெனச்சு எழுதல. செடிக்காகத்தான். செடிக்காகத்தான்மா.

எழுபத்தொம்பதா? என்னையா? இருங்க, குடையைப் பாத்துக்கங்க. வந்துர்றேன்.

வந்துட்டேன். தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்கம்மா. போதும். உங்க நம்பரு இன்னும் வரலையே? நல்லது.

அந்த ஆபீசருக்கு வயசு முப்பது இருந்தா அதிகம். சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. முழுசாப் படிச்சாரு, படத்தையெல்லாம் பாத்தாரு. "ரொம்ப நல்ல காரியம்மா இது. ரெண்டு கோரிக்கையுமே செஞ்சுரலாம். நாளைக்கே ஆளு வருவாங்க, கூடப் போயி அந்த மூணு செடியைக் காட்டுங்க. ஜேசிபி ஏறுற மாதிரி ஒரு வழியைப் போட்டு, சுத்தி இருக்கிற முள்ளையெல்லாம் எடுத்து நல்லாச் சுத்தம் பண்ணிட்டு வேலி போட்டுருவோம். ஆட்டுக்காரி பேரு, ஊரு மட்டும் சொல்லுங்க"ன்னாரு.

நல்லாச் சுத்தம் பண்ணிட்டுன்னாரும்மா. அச்சு அசலா என்னை மாதிரியே சொன்னாரு. மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மூணு செடியும் இல்ல சார்னேன். "இருக்குன்னு எழுதியிருக்கீங்களே?" இருந்துச்சு, அதுவும் போச்சு. "அதையும் ஆடு தின்னுருச்சா?" ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சும்மா. ஆடாச்சும் பசிக்குத் தின்னுச்சு. எனக்கு என்ன பசி? ஆடு இல்ல சார், நான்தான் எல்லாத்தையும் வெட்டிட்டேன், படம் எடுக்கன்னு சொன்னேன். அப்பச் சிரிச்சாங்க பாருங்க, பின்னாடி நின்னவங்க அம்புட்டுப் பேரும். அவரு மனுவை என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. "வீட்டுக்குப் போங்கம்மா, வெயில்ல அலையாதீங்க"ன்னாரு.

படியில நின்னே சாருக்குப் போன் போட்டேன். அவ பேரு அடைக்கி சார்னேன். எழுதிக்கிட்டாரு. சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. நல்ல பேரா இருக்கேன்னு சொல்லிருவாரோன்னு போனைக் காதுல அழுத்திக்கிட்டு நின்னேன். சொல்லல. தேங்க்ஸ் மேடம்னு வச்சுட்டாரு.

எந்திரிக்காதீங்கம்மா, உங்களை இன்னும் கூப்பிடல. ஒரு உதவி பண்ணுவீங்களா? விடியக்காலையில நல்ல மழை பெஞ்சிருக்கு. அந்த மொட்டெல்லாம் இந்நேரம் விரிஞ்சிருக்கும். கேமரா பைக்குள்ளதான் இருக்கு. வெள்ளக்கரட்டுப் பஸ்ஸு பன்னெண்டரைக்கு இந்த வாசல்லதான் நிக்கும். அதை விட்டா இன்னைக்கு வேற பஸ்ஸு இல்ல. அது போற வரைக்கும் என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. அப்படி இல்லம்மா, இன்னும் இறுக்கி.